கட்டிலடியில் ஒரு பேகம்

இந்தத் தீவில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்தான். நான் போர்ட் பிளேர் வந்த புதிதில் ஒருநாள் பால்காரர் வாசலில் நின்றுகொண்டு, "கல் தூத் நஹீ" என்றார். பாலில் கல் இல்லை என்று சத்தியம் செய்கிறார் போலும் என்று எண்ணி, சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மறுநாள் பால் வரவில்லை. இந்தியில் 'கல்' என்றால் நாளை என்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தார். நேற்றுக்கு என்னவாம் என்று கேட்டேன். அதுவும் கல்தானாம். அன்றைக்கே இந்த பாஷை நமக்கு ஆகாது என்று முடிவு கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்க ஆரம்பித்தேன். ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். தூத்துக்குடியில் எங்கள் தெருவின் பாதிப் பஞ்சாயத்து என் வாயால் நடந்ததுதான்.

என் வீட்டுக்காரருக்கு ஹேடோ துறைமுகத்தில், கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டும் வேலை. மேட்டில் வரிசையாக இருந்த தகரக்கூரைக் குடியிருப்பில் கடைசி வீடு எங்களுடையது. ஒருநாள் மத்தியானம் அவர் ஒரு சாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"சாக்குல என்ன கொண்டாந்திருக்கிய? மீனா?"

"மீன் இல்ல. முதல்ல கதவச் சாத்து."

சாக்கைத் திறந்ததும் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று எலி போல ஓடிக் கட்டிலுக்கு அடியில் மறைந்தது. காலையில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டுப் போன கப்பலில் இருந்த நாயாம். கப்பல் போன பிறகு பார்த்தால், கரையில் சுருட்டி வைத்திருந்த வடக்கயிற்றுக்குள் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. துறைமுகத்துக்குள் நாய் இருக்கக் கூடாது, சாயங்காலத்துக்குள் விரட்டியாக வேண்டும் என்று காவலாளி கம்போடு வந்திருக்கிறார். இவர் குறுக்கே போய், கப்பல் திரும்பி வரும்வரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

"கப்பல் எப்ப வரும்?"

"ஒரு மாசம் ஆகலாம். அது வரைக்கும்தான். பேரு கீரு வச்சிராத. அப்புறம் விட மனசு வராது."

ஊரில் எங்களுக்கு நாய் என்றால் கடற்கரையில் திரிவது. வள்ளம் கரையேறும்போது மீன் கழிவுக்கு வந்து நிற்கும். யாரும் விரட்டவும் மாட்டார்கள், கூப்பிடவும் மாட்டார்கள். அது வீட்டு நடையைத் தாண்டினால் அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். அந்த அம்மாவுக்குப் பிறந்த நான், இங்கே குப்புறப் படுத்துக் கட்டிலடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டுக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. உடம்பு நடுங்குகிற நடுக்கத்தில் அங்கே வைத்திருந்த தகரப்பெட்டி கடகடவென்று ஆடியது.

பதினோரு நாள் அது எங்கள் கண் முன்னால் வெளியே வரவில்லை. சோறு வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போனால் தட்டு காலியாகும். எட்டிப் பார்த்தால் தின்பதை நிறுத்திவிடும். எப்போது வெளியே போய்வருகிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு பிமலா தீதி விஷயம் கேள்விப்பட்டு மீன் தலையோடு வந்தார். கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பம். அவர்கள் பாஷையில் தீதி என்றால் அக்கா. அவர் கணவருக்குச் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் மில்லில் வேலை. அவர் தரையில் உட்கார்ந்து, "ஆய், ஆய்" என்று கொஞ்சலாகக் கூப்பிட்டதும் நான் பதறிப்போய்ப் பழந்துணி எடுக்க ஓடினேன். வங்காளத்தில் 'ஆய்' என்றால் 'வா' என்று அர்த்தமாம். அதைக் கைச்சாடையில் அவர் விளக்க, தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கைச்சாடையில் விளக்க, இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். தீவுக்கு வந்து நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு குடியிருப்பே முறை வைத்து வந்தது. தெலுங்குக்காரர் வந்து "ரா, ரா" என்றார். மலையாளத்து டீச்சர் "வா மோளே" என்றார். கப்பல் நாய்க்கு எந்த பாஷை தெரியும் என்று வாசலில் பெரிய விவாதம் நடந்தது. அது யாருக்கும் அசையவில்லை. எல்லோரும் போன பிறகு நான் மட்டும் தரையில் படுத்துக்கொண்டு அதனிடம் பேசுவேன். அம்மா கடிதத்தில் எழுதியது, சாளைமீன் இங்கே ருசிக்காதது, தெருவில் யாராவது கேள்வி கேட்டால் எனக்கு உள்ளங்கை வியர்ப்பது, எல்லாம் சொல்வேன். பதில் கேட்காத ஒரு ஆள் எனக்கும் தேவையாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் நல்ல மழை. நான் அடுப்பில் மீனைப் போட்டுவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். குதிகாலில் ஈரமாக எதுவோ தொட்டது. மூக்கு! திரும்பினால் ஓடிவிடும் என்று அப்படியே நின்றேன். மூச்சு என் காலில் சூடாகப் பட்டது. மீன் ஒரு பக்கம் கருகிற்று. கருகட்டும் என்று விட்டுவிட்டேன். பேர் வைக்கக் கூடாது என்பதால் 'குட்டி' என்று மட்டும் கூப்பிட்டேன்.

குட்டிக்காக நான் வெளியே போக வேண்டியதாயிற்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தால் ஆட்கள் நிறுத்திப் பேசுவார்கள். கடிக்குமா, என்ன தின்னும் என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு மெல்ல மெல்ல இந்தி வரத் தொடங்கியது. எனக்குத் தெரிந்த முதல் நூறு இந்திச் சொற்களும் நாயைப் பற்றியவைதான்.

அப்புறம் கப்பல் வந்தது. மறுநாள் காலையில் நரைத்த தாடியோடு ஒருவர் வாசலில் நின்றார். கப்பல் சமையல்காரர் கரீம் பாய். அவர் "பேகம்!" என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார். கட்டிலடியிலிருந்து குட்டி பாய்ந்து வந்து, முழு உடம்பையும் வாலாக ஆட்டிக்கொண்டு அவர் காலில் விழுந்து புரண்டது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பேகம், நவாப் வீட்டு ராணி, என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். நானோ அதன் சோற்றுத் தட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் கும்பிட்டு, ஏதோ வேகவேகமாக நீளமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு விளங்கியது ஒரு சொல்தான்.

"கல்-னு சொன்னாரு. கூட்டிட்டுப் போறது நேத்தா நாளைக்கான்னு தெரியல" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நேத்து எப்படிட்டி கூட்டிட்டுப் போக முடியும்?"

எனக்கும் தெரியும். நேற்றாக இருந்தால் நல்லது என்று தோன்றிற்று.

நாளை வந்தது. கரீம் பாய் கயிற்றைப் பிடிக்க, பேகம் துள்ளிக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னாலேயே துறைமுகம் வரை போனேன். கப்பலின் ஏணிப்படி கண்ணில் பட்டதும் அது நின்றது. மேலே சங்கிலி ஒன்று கடகடவென்று இறங்கியது. பேகம் வயிறு தரையில் ஒட்டப் படுத்து, அந்த இடத்திலேயே மூத்திரம் போனது. அதே நடுக்கம். கரீம் பாய் இழுக்கவில்லை. பக்கத்தில் குந்தி அதன் முதுகில் கை வைத்தார். வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்து, "ஆப்கே கர் மே சோதீ ஹை?" என்று கேட்டார்.

"ஆமா, தேங்காப்பால் ஊத்தித்தான் வைப்பேன்" என்றேன்.

வேலையை விட்டு இறங்கி வந்த என் வீட்டுக்காரர் அவரிடம் விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சொதிக் குழம்பு இல்லட்டி! நம்ம வீட்ல இது தூங்குதான்னு கேக்காரு. கப்பல்ல இருந்த ஆறு மாசமும் கண்ணே மூடலயாம்."

"தூங்குதுன்னு சொல்லுங்க. குறட்டை விட்டுத் தூங்குது."

அதைக் கேட்டதும் கரீம் பாய் கயிற்றை என் கையில் சுற்றிவிட்டார். கப்பல் வரும்போதெல்லாம் துறைமுக வாசலுக்குக் கூட்டி வர வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. நாங்கள் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. அவர் எலும்போடு இறங்கி வருவார், பேகம் புரளும், அப்புறம் தானாகவே மேட்டைப் பார்த்து என்னை இழுக்கும்.

மூன்று வருஷம் கழித்து எங்களுக்கு ஊருக்குப் போக லீவு கிடைத்தது. மெட்ராஸ் கப்பல். பேகத்தை பிமலா தீதியிடம் விட்டோம். கரையில் அவர் இடுப்பில் அது குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. கப்பல் நகர்ந்ததும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற திருநெல்வேலிக்கார அம்மா என் தோளைத் தொட்டு, "யார விட்டுட்டு வந்திய? அம்மாவையா?" என்று கேட்டார். "இல்லக்கா, அம்மாட்டதான் போறேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூன்று நாளும் எல்லோரும் முன்பக்கத்தில் கூடியிருக்க, என் கால் பின்பக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நாலாம் நாள் காலை யாரோ "மெயின்லேண்டு! கரை தெரியுது!" என்று கத்தினார்கள். நானும் பிள்ளையைப் போல ஓடினேன். பாதி தளம் கடந்ததும் ஏனோ நின்றேன். முன்னால் ஆட்களின் தலைகளுக்கு மேலே மெட்ராஸ் மங்கலாகத் தெரிந்தது. பின்னால் கப்பல் கிழித்து வந்த வெள்ளைக் கோடு நாங்கள் வந்த திசைக்கே நீண்டு கிடந்தது. சேலை ஒரு பக்கம் பறக்க, எந்தப் பக்கக் கம்பியையும் பிடிக்காமல், நடுத்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன்.