கிடாய் முட்டிய கண்ணாடி

எங்கள் காருக்கு இரண்டே கதவுகள். என்னைவிட வயதில் மூத்த இங்கிலாந்துக் கார். ஆனையிறவுக்கு அப்பால் ஒரு வீட்டு மாமரத்தின் கீழ் சருகு மூடிக் கிடந்ததை வாங்கி, உப்பளக் காற்றுக்குள்ளால் மெல்ல ஓட்டித் தர்மபுரத்துக்குக் கொண்டுவந்தேன். நெல்லு விதைக்கிறவனுக்கு ஏன் இப்படியொரு கார் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. மனைவி மட்டும் அதைக் கேட்கவில்லை. ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மழைக்கு இதை எங்க விடப்போறியள்?" என்றாள். நெல்லு மூட்டைகள் விறாந்தைக்கு ஏறின. கார் கொட்டிலுக்குள் போனது.

பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து இங்கே காணி திருத்திக் குடியிருப்பது. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூப்பு என்று இருவரும் விசாரித்ததில்லை. அவருடைய மகளுக்குப் புளியங்குளத்தில் மாப்பிள்ளை சரிவந்தது. கலியாணம் அங்கேயே கோயிலில். கலியாணப் பொம்பிளையை எங்கள் காரில்தான் கூட்டிப்போக வேண்டும் என்று அக்கா வந்து கேட்டபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. அந்தக் காரை முதன்முதலாக ஒருவர் மரியாதையோடு கேட்டிருந்தார்.

அதே அக்கா ஒரு கிடாயும் வளர்த்தார். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய். நேர்ந்த கிடாயை யாரும் அடிக்க மாட்டார்கள். அது தெரிந்தோ என்னவோ, எங்கள் வீடுகளுக்கு முன்னால் போகும் ஒழுங்கை முழுவதும் தன்னுடைய காணி என்பதுபோல் திரிந்தது.

கலியாணத்துக்கு முந்திய கிழமை காரைக் கழுவி, பொலிஷ் பிடித்து, முற்றத்தில் காயவிட்டிருந்தேன். இடப்பக்கக் கதவுக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சீப்பால் தலை இழுக்கலாம். கிடாயும் முகம் பார்த்திருக்கிறது. உள்ளே இன்னொரு கிடாய். இது கொம்பை ஆட்ட அதுவும் ஆட்டியிருக்கிறது. குசினியிலிருந்து எட்டிப் பார்க்கையில் அது பின்னங்காலில் எழும்பி நின்றது. நான் முற்றத்துக்கு வருவதற்குள் கண்ணாடி கற்கண்டுபோல் உதிர்ந்துவிட்டது. கிடாய்க்கு ஒரு கீறலும் இல்லை. எதிரி எங்கே போனான் என்று கதவைச் சுற்றித் தேடிக்கொண்டு நின்றது.

அக்கா ஓடிவந்தார். "என்ன சொல்றதுன்னே தெரியல அண்ணே. சாமிக்கு விட்டது, கை வைக்கவும் முடியாது."

"அதை ஒண்டும் செய்யாதேங்கோ அக்கா. உங்கட மகள் இருக்கப்போறது அந்தப் பக்கம். அதுதான் யோசிக்கிறன்."

இரண்டு கதவுக் காரில் பின்னால் போவதென்றால் முன் இருக்கையை மடித்து, குனிந்து, நுழைய வேண்டும். பட்டுச் சேலையும் மாலையுமாக ஒரு பொம்பிளையால் அது முடியாது. அவள் முன்னால்தான் இருந்தாக வேண்டும். புளியங்குளம் போகும் வீதியில் ஓடுகிற லொறிகளின் புழுதியை நினைத்தால், கண்ணாடியும் இருந்தாக வேண்டும்.

கொழும்பில் பழைய சாமான் விற்கும் ஒருவருக்குப் போன் எடுத்தேன். காரின் வயதைக் கேட்டதும் அவர் சிரித்தார். சிரித்து முடியும்வரை காத்திருந்தேன். பிறகு, "அந்தக் காலத்துக் கதவுக் கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடிதானே, அளவு குடுத்தா எங்கயும் வெட்டலாம்" என்றார். கிளிநொச்சியில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர், உடைந்தாலும் சிதறாத ஒட்டுக் கண்ணாடியில் வெட்டித் தருவதாகச் சொன்னார்.

கதவைக் கழற்றுவது எப்படி என்று கைபேசியில் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, அது ஆறுவதற்குள் முழுக் கதவையும் கழற்றிவிட்டார். நான் மத்தியானம்வரை கண்ணாடி சுற்றும் கைபிடியிலேயே நின்றேன். கைபிடிக்குப் பின்னால் உள்ள வளையத்தை உள்ளே அமத்திக்கொண்டு, அதை இறுக்கியிருக்கும் சின்ன ஆணியைத் தள்ள வேண்டும். அமத்த இரண்டு கை, தள்ள ஒரு கை. அவ்வளவு கை எனக்கு இல்லை.

"இஞ்ச ஒருக்கா வாருமப்பா," என்று கூப்பிட்டேன்.

மனைவி தையல்காரி. மெஷினை விட்டு எழும்பி வந்து, வளையத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆணி விழுந்தது. அதன் பிறகு கதவின் உள்பக்கத்தை மூடியிருந்த மட்டையை நெம்பி எடுத்தோம். கதவின் அடியில் கண்ணாடித் துண்டுகளோடு பழைய குளவிக் கூடு ஒன்றும் கிடந்தது. எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தோம். வெளியே தெரியும் இடைவெளியை நாடா பிடித்து அளந்து, மட்டையில் கீறிக் கொடுத்து, கண்ணாடி வெட்டுவித்து வந்தேன்.

மாட்டிப் பார்த்தால் மேலே நாலு விரல் வெளிச்சம். மேலே தள்ளினால் கீழே பிடிக்க ஆளில்லை. கண்ணாடியின் அடி, கதவுக்குள் ஒரு தகரத் தவாளியின் பள்ளத்துக்குள் இறுகி நிற்க வேண்டும். அந்த அளவுக்கு நான் இடம் விடவேயில்லை.

மனைவி கொஞ்சநேரம் பார்த்தாள். "தையலுக்குத் துணி விடாமல் சட்டை வெட்டினா இப்பிடித்தான். வயிறு தெரியும்."

"இனி என்ன செய்யிறது?"

"மற்றக் கதவையும் கழட்டுங்கோ. நல்ல சட்டையை வைச்சுத்தானே மாதிரி வெட்டுறது."

நன்றாக இருந்த வலக் கதவையும் கழற்றினோம். இரண்டு பக்கமும் கண்ணாடியில்லாமல், முற்றத்தில் கார் இரண்டு காதும் அறுந்ததுபோல் நின்றது. வேலியால் பார்த்த அக்காவின் முகம் கறுத்துவிட்டது. "பஸ்ஸ சொல்லிரவாண்ணே?" என்று மெல்லக் கேட்டார். மனைவி வலக் கண்ணாடியைத் தையல் மேசையில் படுக்கவைத்து, சட்டைக்கு மாதிரி வெட்டும் காகிதத்தில் விளிம்பைச் சுற்றிக் கீறினாள். பிறகு அந்தக் கண்ணாடியைத் திரும்ப அதன் கதவிலேயே மாட்டினோம்.

இரண்டாவது கண்ணாடி வந்து சேர்ந்ததும் அதை இடக் கதவோடு பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் முன் சரிவு பின்னால் இருந்தது. வலக் கதவின் மாதிரியில் வெட்டியது இடக் கதவுக்கு எப்படிப் பொருந்தும்? கையில் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"என்ன?" என்றாள்.

"வலப்பக்கத்துக்கு வெட்டிப்போட்டாங்கள்."

"திருப்பிப் பிடியுங்கோ."

திருப்பினேன். இடப்பக்கக் கண்ணாடியாகிவிட்டது. அவள் தையலுக்குப் போனாள். அன்று முழுவதும் மெஷின் சத்தத்துக்கிடையே விட்டுவிட்டுச் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

தவாளிக்குள் ரப்பர் பட்டியை மடித்து வைத்து, சவர்க்காரத் தண்ணீர் பூசி, பலகைத் துண்டால் தட்டித் தட்டிக் கண்ணாடியை இறக்கினோம். பிறகு அதைச் சரித்துக் கதவுக்குள் விட்டு, அதை ஏற்றி இறக்கும் இரும்புக் கையோடு கொளுவினோம். மனைவி கைபிடியைச் சுற்றினாள். கண்ணாடி ஏறி, மேல் விளிம்பில் மெத்தென்று போய் நின்றது. இருவரும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தோம். வேலிக்கு அப்பால் அக்கா கும்பிட்டார். அம்மனையா எங்களையா என்று தெரியவில்லை.

கலியாணத்தன்று பொம்பிளை முன்னால் ஏறினாள். அக்காவும் என் மனைவியும் தட்டங்களோடு பின்னால் நுழைந்தார்கள். பரந்தன் சந்தி திரும்பியதும் பொம்பிளை கேட்டாள்:

"மாமா, இதை இறக்கலாமோ? வேர்க்குது."

"எறக்காதடி, தலையெல்லாம் கலைஞ்சுரும்," என்றார் அக்கா.

"இறக்கட்டும் விடுங்கோ அக்கா," என்றாள் என் மனைவி. "ஏத்தி இறக்கத்தானே போட்டது."

பொம்பிளை கைபிடியைச் சுற்றினாள். கண்ணாடி ஒரு முனகலும் இல்லாமல் உள்ளே போனது. வளையல் அடுக்கிய கையைக் கதவில் ஊன்றிக்கொண்டாள். கிளிநொச்சி ரவுண் கடைத்தெருவுக்குள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் எல்லாரையும் பார்த்தாள். கூடப் படித்த ஒருத்தி மோட்டார் சைக்கிளில் எதிரே வர, கையை வெளியே நீட்டிக் காட்டினாள். முறிகண்டிக் கோயிலில் தேங்காய் உடைக்க நிறுத்தியபோதும் அவள் கண்ணாடியை ஏற்றவில்லை. மாங்குளம் தாண்டியும் காற்று காருக்குள் நிறைந்து வந்தது. அக்கா மகளின் பின்னலிலிருந்து பறக்கும் பூக்களைப் பொறுக்கி மடியில் சேர்த்தார்.

புளியங்குளம் கிட்ட வந்ததும், "மாமா, ஒருக்கா நிப்பாட்டுங்கோ," என்றாள். காரை ஓரமாக்கினேன். கைலேஞ்சியால் வேர்த்த முகத்தை ஒற்றினாள். பின்னாலிருந்து என் மனைவி கையை நீட்டி அவளுடைய நெற்றிச்சுட்டியை நேராக்கிவிட்டாள். பிறகு பொம்பிளையே கைபிடியைச் சுற்றிக் கண்ணாடியை மேலே மூடினாள். முதுகை நிமிர்த்தி, மடியில் கைகளை வைத்து, கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரி மாமா," என்றாள். "இனிப் போங்கோ."