ஒன்பதாம் பக்கத்து மாமா

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நண்பரின் மகள் மேல்படிப்புக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்குள், என்னைப் பற்றி நானே எழுதி, என் புகைப்படத்தை நானே தேர்ந்தெடுத்து, நான்கு வண்ணத்தில் ஒரு முழுப் பக்கம் அச்சடித்து வைத்தவன் நான்.

மீசைக்கு மை தடவிய பிறகு எடுத்த படம் அது. இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் உண்மை பேசிப் பழகிவிட்டது.

நண்பர் பெயர் சௌந்தரபாண்டி. சிவகாசியில் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். பட்டாசு லேபிள், காலண்டர், டைரி... எது வந்தாலும் அடிப்பார். கல்லூரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து எழுதி ஃபெயில் ஆனவர். அந்த உரிமையில் இன்றைக்கும் என்னை ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய மகள் பொன்செல்வி. விருதுநகரில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவள். சென்னையில் ஒரு பெரிய கல்வி நிறுவனம் — பெயர் வேண்டாமே — அங்கே எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மொத்தமே இருபது இடம். நாடு முழுவதும் இருந்து விண்ணப்பம் போடுகிறார்கள். போன வருடம் போட்டாள், கிடைக்கவில்லை. இந்த வருடம் இரண்டாவது முறை. அதுவே கடைசி முறையும்கூட. கிடைக்காவிட்டால் பி.எட். என்று அவளுடைய அம்மா முடிவு செய்து, அதற்கான பாரத்தை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் சொருகியும் வைத்துவிட்டார்.

விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது. ‘உங்களைப் பற்றி எழுதவும். தேவைப்பட்டால் கூடுதல் தாள்களை இணைக்கலாம்.’

கூடுதல் தாள்! சிவகாசிக்காரரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

“ஏலே, நம்ம பிள்ளை பாரம் அம்புட்டுப் பாரத்துக்கு நடுவுல தனியாத் தெரியணும். ஆர்ட் பேப்பர்ல போட்ருவோம். அட்டைக்கு லேமினேஷன். பேரைத் தங்கக் கலர்ல அடிச்சிருவோம். மேட்டர் மட்டும் நீ எழுதிக் குடு” என்றார் சௌந்தரபாண்டி.

எனக்கு உடனே புல்லரித்தது. யாராவது என்னை எழுதச் சொன்னால் எனக்கு எப்போதும் புல்லரிக்கும்.

பொன்செல்வி ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். வாங்கிப் படித்தேன். அச்சகத்தில் ஒரு பெரிய ஷீட்டில் எட்டுப் பக்கம் இந்தப் புறம், எட்டுப் பக்கம் அந்தப் புறம் அடிப்பார்களாம். அதை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கமும் வரிசையாக வர வேண்டுமாம். எந்தப் பக்கம் எங்கே வரும், எது தலைகீழாக நிற்கும் என்பதை போர்மேன் ஒரு வெற்றுத்தாளை மடித்து, பென்சிலில் எண் போட்டு, பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாராம். தாளை மடிக்காமலே அதைச் சொல்லும் புரோகிராம் ஒன்றை இவள் எழுதியிருக்கிறாளாம். அம்புட்டுதான் விஷயம்.

என்னம்மா இது? தாள் மடிக்கிறதைப் பற்றி ஒரு பக்கமா? இதை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

“மாமா கொஞ்சம் தட்டிக்கொட்டித் தர்றேன்” என்று வாங்கிக்கொண்டு வந்தேன். தட்டினேன். கொட்டினேன். கடைசியில் அவள் எழுதியதில் அவள் பெயர் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பதில், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். ‘கந்தக மண்ணில் பூத்த கணிப்பொறி மலர்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். எழுதினேன்.

அட்டையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் திரைக்குள்ளிருந்து சூரியன் உதிக்கிறது. உள்ளே குடும்ப வரலாறு, என் கட்டுரை, அவள் வாங்கிய கோப்பைகளின் படங்கள். எட்டுப் பக்கம், கச்சிதமாக முடிந்திருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஒரு பிரபலத்தின் சிபாரிசு இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று தோன்றியது. பிரபலத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் அலமாரிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன்.

ஒன்பதாம் பக்கம் அப்படி உருவானது. எடுத்துக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினேன். ஆமத்தூர் தாண்டும் வரை என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சகத்தில் போர்மேன் அய்யனார் அதை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஒம்பது பக்கம் வராது சார்.”

“ஏன்?”

“ஒரு தாளை நடுவுல மடிச்சு பின் அடிச்சா நாலு பக்கம். ரெண்டு தாள்னா எட்டு. மூணு தாள்னா பன்னெண்டு. ஒம்பதுக்கு நான் எங்க போக? ஒண்ணு, இந்தப் பக்கத்தை எடுத்துருங்க. இல்ல, இன்னும் மூணு பக்கம் குடுங்க.”

இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“நீ போ, அந்த மூணு பக்கத்தை நான் பாத்துக்கிடுதேன்” என்றார் சௌந்தரபாண்டி.

பார்த்துக்கொண்டார். பத்தாம் பக்கத்தில் ஒரு வருடத்துக்கான காலண்டர் — ஜூன் முதல் மே வரை. ‘காலேஜ்னா ஜூன்லதான வருசம் பொறக்கும்’ என்று விளக்கம் வேறு. பதினொன்றாம் பக்கத்தில் ராகுகாலம், எமகண்டம், குளிகை அட்டவணை. பின்னட்டையில் இருக்கன்குடி மாரியம்மன். அம்மன் காலடியில் அச்சகத்தின் விளம்பரம்.

பாரத்தோடு தபாலில் அனுப்பிய பிறகுதான் பொன்செல்வி கையில் ஒரு பிரதியைக் கொடுத்தோம். முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ஒன்பதாம் பக்கத்தில் சற்று நின்றாள். பதினொன்றில் நிமிர்ந்தாள்.

“அப்பா... ராகுகாலம் எதுக்குப்பா?”

“இடம் சும்மா கெடந்துச்சும்மா. வெள்ளையா விட்டா நல்லாவா இருக்கும்?”

“நான் எழுதுன பக்கம் எங்க மாமா?”

எனக்கு அவசரமாக பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதன்பின் இரண்டு வாரம் அவள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. அவள் அப்பாவுக்குச் சோறு அம்மா மூலமாக வந்தது. எனக்கு அந்த வீட்டில் காபியே வரவில்லை.

பிறகு நுழைவுத் தேர்வு. எழுதினாள். ஒரு மாதம் கழித்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. “பாத்தியாலே, புக்கு வேலை செய்யுது” என்றார் சௌந்தரபாண்டி. கடிதத்திலேயே தேர்வில் எடுத்த மார்க்கைப் போட்டுத்தான் அழைத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் அந்த வரியைப் படிக்காமல் தாண்டினோம்.

மூன்று பேருமாகச் சென்னைக்கு ரயில் ஏறினோம். சௌந்தரபாண்டி, யாராவது கேட்டால் கொடுக்க என்று இன்னும் பத்துப் பிரதிகளைக் கட்டி எடுத்து வந்தார். கட்டியது எதில்? அச்சகத்து வேஸ்ட் ஷீட்டில். எங்கள் ஊரில் பூரியானாலும் புத்தகமானாலும் லேபிள் அடித்து வீணான ஷீட்டில்தான் மடிப்பது. அதில் ஒரு புறம் முழுக்கக் கம்பி மத்தாப்பு லேபிள். மத்தாப்பைப் பிடித்துச் சிரிக்கும் ஒரே குழந்தை, வரிசை வரிசையாக.

வராந்தாவில் பெஞ்சு. அதில் பெற்றோர்கள். ஒவ்வொரு பையனும் பெண்ணும் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். பொன்செல்வி போனாள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று.

“ஏலே, எதும் தப்பாயிருச்சோ? அம்மன் படம் போட்டது ஆகாதோ?”

“சும்மா இருடா.”

“உன் படம்தான் ஆகலையோ?”

அப்போது கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்தார். “யார்கிட்டயாவது பெரிய பேப்பர் இருக்கா? உள்ள இருக்குற பொண்ணு கேக்குது.”

நாற்பது வருடமாகப் பேப்பரோடு வாழ்கிறவரிடம் இதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சௌந்தரபாண்டி எழுந்த வேகத்தில் கட்டைக் கிழித்தார். ஷீட்டை உதறினார். பத்துப் பிரதிகளும் வராந்தாவில் வழுக்கிக்கொண்டு ஓடின. மற்ற அப்பாக்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் புரட்டினார்கள். ஒருவர் என் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

உள்ளே நடந்ததைப் பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள். மூத்தவர் எங்கள் புத்தகத்தை நடுவில் விரித்து வைத்திருந்தாராம்.

“இந்த ஒன்பதாம் பக்கத்துல இருக்குறது யாரும்மா?”

“எங்க மாமா சார். எழுத்தாளர்.”

“இவருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒரு சம்பந்தமும் இல்ல சார்.”

“பதினொன்றாம் பக்கத்துல ராகுகாலம் போட்டிருக்கே, அதுக்கு?”

“அது மாமாவால வந்தது சார்.”

மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். எட்டோடு முடிந்திருக்க வேண்டிய புத்தகம் ஒன்பதானதால் பன்னிரண்டாகியே தீர வேண்டிய கதையைச் சொன்னாள். பின்னைக் கழற்றித் தாளைக் காட்டினாள். பத்தும் மூன்றும் ஒரே தாளில் அக்கம்பக்கம். திருப்பினால் நான்கும் ஒன்பதும். எந்த ஜோடியைக் கூட்டினாலும் பதிமூன்று.

“பெரிய ஷீட்டா இருந்தா?” என்று கேட்டார் ஒருவர்.

அப்போதுதான் பேப்பர் கேட்டாள். மத்தாப்புக் குழந்தைகளை மூன்று முறை மடித்தாள். மூலையில் எண் போட்டாள். பிரித்துக் காட்டினாள். பிறகு, மடிக்காமல் இதையே எப்படிச் சொல்வது என்று பலகையில் எழுதத் தொடங்கினாள். கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே போக வேண்டுமாம். ஒவ்வொரு மடிப்பைப் பிரிக்கும்போதும் எத்தனை பக்கம் இருந்ததோ அது இரட்டிப்பாகும். நான் வேண்டாம் என்று தூக்கிப்போட்ட அதே ஒரு பக்கம்தான் இது, ஒரு வரி விடாமல்.

“பத்து மடிப்பு மடிச்சா?”

“மிஷின் மடிக்காது சார். புரோகிராம் மடிக்கும்.”

மூத்தவர் சிரித்துவிட்டாராம். சிரித்துவிட்டு ஒரு கிடுக்கிப்பிடி போட்டார். “தாளுக்குத் தடிமன் உண்டே. மடிக்க மடிக்க உள்பக்கம் வெளியே தள்ளுமே. எவ்வளவு தள்ளும்னு உன் புரோகிராம் சொல்லுமா?”

“சொல்லாது சார். எனக்குத் தெரியல. எங்க போர்மேன் தாளை விரலால தடவிப் பாத்துட்டு, ஓரத்துல இம்புட்டு எடம் விடணும்பாரு. எப்படின்னு கேட்டா அவருக்கும் சொல்லத் தெரியல.”

இதைக் கேட்டு மூத்தவர் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கும் என்றார். இளையவர், ஈரப்பதத்துக்குத் தகுந்தபடி மாறும், முடியாது என்றார். இருவரும் ஷீட்டின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மடித்தார்கள். பிரித்தார்கள். வாதம் செய்தார்கள். பொன்செல்வி இருப்பதையே மறந்துவிட்டார்கள். மூன்றாமவர்தான், “நீ போகலாம்மா, இவங்க இப்ப விடமாட்டாங்க” என்று அனுப்பி வைத்தாராம்.

ஐம்பது நிமிடம் கழித்து வெளியே வந்தாள். விரலெல்லாம் சாக்பீஸ். முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வெளிச்சம்.

“கிடைக்குமா?” என்றார் அவள் அப்பா.

“தெரியலப்பா. ஆனா நல்லா இருந்துச்சுப்பா.”

இந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. சீசன் நேரத்தில் பட்டாசுக் கடைக்குப் போயிருக்கிறீர்களா? எல்லா டப்பாவும் சிவப்பு, எல்லா டப்பாவும் மஞ்சள். எல்லாம் தனியாகத் தெரிய வேண்டும் என்றுதான் அடித்தது. என்ன ஆகிறது? எதுவுமே தெரிவதில்லை. கண் போய் நிற்பது, மூலையில் லேபிள் ஒட்டாமல் வைத்திருக்கும் பழுப்பு அட்டைப்பெட்டியில். அதற்குள் என்ன இருக்கும்?

அந்தப் பழுப்புப் பெட்டிக்குத்தான் நான் தங்கக் கலர் அடித்திருக்கிறேன்.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். கூட்டம் மொத்தமும் மேலிருந்து கீழே படித்தது. சௌந்தரபாண்டி மட்டும் அச்சுப்பிழை பார்க்கிற பழக்கத்தில் கீழிருந்து மேலே படித்தார். அதனால் எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பதினேழாவது பெயர். எழுத்துப் பிழைகூட இல்லை என்றார். இரண்டு வாரம் பேசாத மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வழியில் நின்றவர்களிடமெல்லாம் “நம்ம பிள்ளை, நம்ம பிள்ளை” என்று சொல்லிக்கொண்டு நடந்தேன்.

சாமி படத்துக்குப் பின்னால் இருந்த பி.எட். பாரத்தை அவள் அம்மாவே எடுத்துவிட்டாராம். சும்மா தூக்கிப் போடவில்லை, பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் மளிகைச் சாமான் எழுதிக் கடைக்குக் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து பொன்செல்வி போன் செய்தாள். வகுப்பு, சாப்பாடு, மழை எல்லாம் சொல்லிவிட்டு, “மாமா, ஒரு விசயம். எங்க டிபார்ட்மெண்ட் ஆபீஸ்ல நம்ம புக்கு இருக்கு. ஜூன்ல ஆரம்பிக்கிற காலண்டர் வேற எங்கயும் கெடைக்கலைன்னு அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து பீரோ கதவுல ஒட்டியிருக்காக. எல்லாரும் தெனம் அதத்தான் பாக்காக” என்றாள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பத்தாம் பக்கம் அல்லவா? எதற்குப் பின்னால் எது வரும் என்று இப்போது எனக்கும் தெரியுமே.

“அப்ப, அந்தத் தாளோட பின்பக்கம் நான்தானம்மா?”

“ஆமா மாமா. பசை அதுலதான் தடவியிருக்காக.”