நான்கு வினாடிச் சிரிப்பு

என் அண்ணி சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். நான் மிகைப்படுத்தவில்லை. ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே என் அண்ணன், "உங்க அண்ணி வேலைலேருந்து வந்துட்டா போல" என்றார். வீடு அங்கிருந்து நான்கு கட்டடம் தள்ளி இருந்தது.

பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் அண்ணிக்குப் பத்தொன்பது வருட வேலை. அங்கே அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடத்தின் அடித்தளம் அது. ஜன்னல் கிடையாது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் கொதிக்கக் கொதிக்க வரும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். அண்ணிக்குப் பதினொரு வருடமாக ஒரே ஜோடி, நெட்டை என்று ஒருத்தி. அண்ணி அவள் தோளுக்குத்தான் வருவார். "அவளோட மடிச்சா விரிப்பு சறுக்குமரம் மாதிரி நிக்கும்டி" என்பார். இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மடிப்பார்கள். முனை எங்கே வருகிறது என்று பார்க்கவே மாட்டார்கள், அது தானாகக் கைக்கு வரும்.

நான் இரண்டு சிநேகிதிகளோடு சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன். பெண்கள் தங்கள் வேலையிடத்தில் பட்டதைச் சொல்வார்கள். என் துணி அலமாரிதான் ஸ்டூடியோ. பயப்படுகிறவர்களுக்குக் குரலை மாற்றிக் கொடுப்போம். அந்த வேலை என்னுடையது, அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு விடுமுறை நாளில் வருவதாகச் சொன்னவள் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டாள். அண்ணி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நீங்க பேசுங்களேன்."

"என்கிட்ட பேச என்னடி இருக்கு? வேணும்னா கறை எடுக்கறது எப்படின்னு சொல்றேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொங்கும் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். மறக்க முடியாத நாள் எது என்று எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அப்போ எனக்கு மூணு மாசம். காலையிலேருந்து ரத்தம் போயிட்டே இருந்துச்சு. வீட்டுக்குப் போறேன் சார்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். வண்டி நிறைய விரிப்பு கிடக்கு, முடிச்சிட்டுப் போன்னாரு. முடிச்சிட்டுத்தான் போனேன். போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. இதுல கூத்து என்னன்னா, மூணு மாடி ஏறினா அத்தனை டாக்டருங்களும் அங்கதான் இருந்தாங்க!"

சொல்லிவிட்டு, அவருக்கே உரிய அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

நாங்கள் ஒரே வீட்டில் இருந்தவர்கள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகத்தான் அன்றைக்கு எங்களிடம் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் சமைத்ததை நான் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறேன்.

"குரல் மட்டும் தெரியக் கூடாது. இன்னும் ஒம்பது வருஷம் எனக்கு இந்த வேலை வேணும்" என்றார்.

"உங்களுக்கே உங்க குரல் தெரியாது அண்ணி" என்று வாக்குக் கொடுத்தேன்.

குரலை மாற்றினேன், நன்றாகவே வந்தது. சிரிப்புதான் வரவில்லை. தாழ்த்தினால் பேய் சிரித்தது, உயர்த்தினால் அணில் கத்தியது. வெட்டிவிடு என்றார்கள் சிநேகிதிகள். எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிரிப்பு இருந்தால்தான் கேட்பவள் நெஞ்சு உடைவாள் என்று எனக்குத் தெரியும். "நாலே வினாடி. இதை வச்சு யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்று கேட்டுவிட்டு, அதை மட்டும் அப்படியே விட்டேன்.

வெளியிட்ட மூன்றாம் நாள் சலவைப் பிரிவில் தேநீர் நேரத்தில் யாரோ அதைப் போனில் போட்டார்களாம். சிரிப்பு வந்ததும் அத்தனை தலையும் அண்ணி பக்கம் திரும்பியதாம்.

சூப்பர்வைசர் கத்தவில்லை. அவர் பெரிய ஆள். "பட்டாசோட சேர்ந்து மடிக்கிறவங்க பேரை மட்டும் எழுதிக் குடுங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி ஒரே ஒரு தடவை சொன்னாராம். மறுநாள் காலை அண்ணி முதல் விரிப்பை எடுத்து இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெட்டை வேறு மேஜைக்குப் போய்விட்டாள். அண்ணி கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருக்கிறார். பிறகு தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டு தனியாக மடித்திருக்கிறார். ஒருத்தியாக மடித்தால் மூன்று மடங்கு நேரமாகும், விரிப்பு தரையில் புரளும், புரண்டதை மறுபடி துவைக்க வேண்டும். எனக்கு நெட்டையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஆத்திரம். ஆனால் அவள் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் வேலை. தவிர, இதையெல்லாம் செய்து வைத்தவள் அவள் இல்லையே.

மூன்று வாரம் அண்ணி வீட்டில் மூச்சு விடவில்லை. கழுத்து வலிக்கிறது என்று தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டார். நான்காவது வாரம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சு சொல்லு" என்றார். வேகம் போதாததால் வேலையிலிருந்து நீக்குவதாக இரண்டே வரி. அதன் பிறகுதான் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நான் அழுதேன். "என்னை மன்னிச்சிடுங்க அண்ணி. நான்தான் உங்க வேலையைக் கெடுத்தேன். சிரிப்பை நான் வெட்டியிருக்கணும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதை எத்தனை பேர் கேட்டாங்க?" என்றார்.

"பதினோராயிரம் பேர்."

"அவ்ளோ பேரா!" மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து மடித்தார். "அழுதாங்களா?"

"நிறைய பேர் அழுதேன்னு எழுதியிருக்காங்க அண்ணி."

"அழுது என்னடி பிரயோஜனம். ஒரே ஒருத்தி வந்து அந்தப் பக்கம் ரெண்டு முனையைப் புடிச்சிருந்தா போதுமே."

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைக் கேட்டதும் என் மனத்தில் முதலில் வந்தது துக்கம் இல்லை. இந்த வரி ரெகார்ட் ஆகாமல் போய்விட்டதே என்பதுதான் முதலில் வந்தது. என் கை தானாகப் போன் பக்கம் நகர்ந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டார்.

"போட்டுக்கோ. மறுபடி சொல்றேன்" என்றார். "குரலையெல்லாம் மாத்தாத. இனிமே என்கிட்டேருந்து எடுத்துக்க அவங்களுக்கு என்ன இருக்கு?"

வேண்டாம் அண்ணி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.