சோளக் குவியலில் சாம்பல் கோடு

கூத்தையா மாமாவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. நானும் லேசுப்பட்டவன் இல்லை. தேவிபட்டினத்தில் கருவாட்டு வியாபாரம் பார்க்கிற சீனி முகம்மது, பெற்ற தாய் சொன்னாலும் ஒரு தரம் விசாரிப்பான் என்று ஊரே சொல்லும். ஆனால் மாமா முன்னால் நான் பச்சைக் குழந்தை. பஸ்ஸில் ஏறினால், இது இராமநாதபுரம்தானே போகிறது என்று டிரைவரிடம் கேட்பார். கண்டக்டரிடமும் கேட்பார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால், "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்றாங்கெ மாப்புள்ள" என்று என் காதைக் கடிப்பார்.

அவர் இந்து, நான் முஸ்லிம். மாமா, மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் 1962-ல் ஆப்பிரிக்காவுக்குப் போனார். அதுவும் அங்கே இருக்கிற ஜனங்களுக்கு விவசாயம் காட்டிக்கொடுக்க!

தொண்டி ரோட்டுக்கு மேற்கே, மழையை நம்பிக் கிடக்கிற ஒரு கிராமத்தில் அவர் வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தார். நிலம் பண்ணையாருடையது, பாடு மாமாவுடையது, விளைச்சலில் பாதி பண்ணைக்கு. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் செத்த மண்ணை உயிர்ப்பிக்கிற வித்தை தெரியும். கோடையில் கண்மாயில் படிந்த வண்டலை, கரம்பை என்போம், வெட்டி வந்து கொட்டுவார். கொழுஞ்சிச் செடியைத் தழையுரமாக மிதித்து அமுக்குவார். ஆடு மேய்க்கிற கீதாரிகளைக் கூப்பிட்டு, ராத்திரி ஆடுகளை வயலிலேயே அடைத்துக் கிடை போடுவார். அப்போதுதான் மூட்டை உரம் வரத் தொடங்கியிருந்தது. அதை அவர் தொடவே மாட்டார். "வெள்ளவெளேர்னு உப்பாட்டம் இருக்கு. இருக்குற உப்பு பத்தாதாக்கும் நமக்கு?" என்பார்.

மதுரைப் பக்கம் ஒரு ஆசிரமம். அங்கிருந்து கதர் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். டாங்கனிகா என்ற நாடு புதிதாகச் சுதந்திரம் வாங்கியிருக்கிறது, அங்கே ஒரு கிராமத்து ஜனங்கள், ஆண்கள் கூலிக்கு ஊரை விட்டுப் போவதை நிறுத்த, ஒன்றுகூடிப் பொதுவில் ஒரு பண்ணை போடப் போகிறார்கள், உர மூட்டை வாங்க வழியில்லை, வறண்ட மண்ணில் எருவை வைத்தே விளைவிக்கத் தெரிந்த ஆள் ஒரு வருஷத்துக்கு வேண்டும் என்றார். யாரோ கூத்தையாவைக் கை காட்டியிருக்கிறார்கள். பாஷை தெரிந்த ஆள் வேண்டுமே? நான் இளவட்டமாக இருந்தபோது ஜான்ஜிபாரில் எங்கள் தாய்மாமன் கடையில் நின்றவன். டாங்கனிகாவிலும் அதே பாஷைதான், அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் என்னையும் பிடித்தார்கள்.

மாமா சம்மதித்ததுதான் எனக்கு அதிசயம். அவர் சம்சாரம் பூமயில் அக்கா மட்டும் விடவில்லை. நேராக தேவிபட்டினத்துக்கே வந்து என் கடை வாசலில் நின்றது.

"ஏலே சீனி, இவுக அப்பனையும் இப்படித்தான் கப்பல் செலவு எங்களுது, சோறு எங்களுதுன்னு சொல்லிக் கங்காணி கூட்டிட்டுப் போனான். மண்டபம் கேம்புல அடைச்சு வச்சு, ஊசியப் போட்டு, சிலோனுக்கு ஏத்தி விட்டாக. தேயிலைக்குள்ள போன மனுசன் போனதுதான். இதும் அந்த மாதிரிதான?"

"அது கூலிக்கு அக்கா. இது மாமாவ வாத்தியாராக் கூப்பிடுறாக."

"ஒன் மாமா வாத்தியாரா? தூ! எவன்டா நம்புவான்? ஏர்வாடி தர்கா இருக்குற தெசையப் பாத்துச் சொல்லு. திருப்பிக் கொண்டாந்து விடுவியா?"

"இன்ஷா அல்லாஹ், கொண்டாந்து விடுறேன்."

"இந்த இழுவையெல்லாம் வேணாம். விடுவியா, மாட்டியா?"

விடுவேன் என்றேன். மறு வருஷம் விடவும் செய்தேன். அதுவரை அக்கா என் பெண்டாட்டி தாஜுன்னிசாவிடம் வாரா வாரம் வந்து, என்னிடமிருந்து சேதி உண்டா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுப் போகுமாம்.

பம்பாயில் கப்பலேறி தார் எஸ் ஸலாமில் இறங்கி, லாரியில் ஒரு நாள் முழுக்கக் குலுங்கி அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். செம்மண், முள்ளுக்காடு, வெயில். "இதுக்கு நம்ம ஊர்லயே இருந்திருக்கலாமே" என்றார் மாமா. அவருக்கு ஏமாற்றம் இல்லை, சந்தோஷம். இறங்கியதும் மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார், பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

அதைப் பார்த்த ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. அவர்கள் அதுவரை கண்ட இந்தியன் எல்லாம் கடைக்காரன். கடனுக்குத் துணி கொடுப்பான், அறுவடை வந்ததும் களத்தில் வந்து நிற்பான். இப்போது ஒருவன் வந்து மண்ணை ருசி பார்க்கிறான் என்றால் நிலத்தையே விழுங்கப் பார்க்கிறான் என்றுதானே நினைப்பார்கள்? எங்களுக்கு ஒரு குடிசையைக் கொடுத்துவிட்டுத் தள்ளியே இருந்தார்கள். அவர்கள் கொடுத்த கூழை மாமா வாங்கமாட்டார். அவர் ஆக்கியதை அவர்கள் தொட மாட்டார்கள். நடுவில் நான் ரெண்டு பக்கமும் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டேன்.

பண்ணைக்குப் பொறுப்பு சைனபு என்ற பெண். நம் ஊர் ஜைனபுதான், அங்கே சைனபு. நாற்பது வயதிருக்கும். உயரமான பொம்பளை, சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. முதல் நாளே சொல்லிவிட்டாள்: "எங்கள் ஆண்கள் கற்றாழைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனார்கள். நார் உரித்து உரித்துக் கை போனவர்கள் பாதி, திரும்பாதவர்கள் பாதி. இந்தப் பண்ணை விளைந்தால் மிச்சமிருக்கிறவர்கள் ஊரில் இருப்பார்கள். விளையாவிட்டால் தோட்டத்து லாரி வரும், ஏறிவிடுவார்கள்."

நான் இதை மாமாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில், "எங்க அய்யா போறப்ப எனக்கு மொகம் தெரியிற வயசுகூட இல்ல. இங்கன ஒருத்தனும் லாரி ஏறக் கூடாது மாப்புள்ள" என்றார். அவர் கப்பலேறச் சம்மதித்த காரணம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆடுகளையெல்லாம் ராத்திரிக்குப் பொது நிலத்தில் அடைக்கச் சொன்னார். ஒருவரும் கொண்டு வரவில்லை. சைனபு நறுக்கென்று சொன்னாள்: "ஒரே பட்டியில் அடைத்தால் எண்ணுவது சுலபம். முன்னே எண்ணிப் பார்த்தவர்கள் வரி போட்டார்கள். நீ எதற்கு எண்ணப் போகிறாய்?"

மாமாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். மனுஷன் பூரித்துப் போய்விட்டார். "வெவரமான பொம்பள! நம்ம ஆளு!" என்றார். அன்று முதல் பொழுது சாய்ந்து ஆடுகள் பட்டிக்குள் நுழையும்போது, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்து நிற்பார். படலைச் சாத்திவிட்டோம் என்று அவர்கள் சத்தம் கொடுத்த பிறகுதான் திரும்புவார். அந்த ஒரு காரியத்தால் ஆடுகள் வந்தன. பட்டியை இடம் மாற்றி மாற்றி அந்த நிலம் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்தது. பள்ளத்து வண்டலை ஜனங்கள் கூடையில் சுமந்து வந்து கொட்டினார்கள். மழை விழுந்ததும் சோளம் விதைத்தோம்.

விளைச்சலா அது! தட்டை ஆளை மறைத்தது, கதிர் ஒவ்வொன்றும் கைக்கு அடங்கவில்லை. அறுத்து, அடித்து, தூற்றிக் களத்தில் குவித்தபோது அந்த ஊரில் யாரும் அவ்வளவு தானியத்தை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பங்கு வைப்பதற்கு முன் கொஞ்சம் காயட்டும் என்று விட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் மாமா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். களத்தைச் சுற்றிப் புதரோரம் காலடித் தடங்கள். ஒன்றிரண்டு அல்ல, நிறைய. குந்தியிருந்த தடம், நடந்த தடம்.

"பாத்தியா? ராத்திரி எவனோ வந்து நோட்டம் பாத்துருக்கான். இன்னிக்கு நோட்டம், நாளைக்கு மூட்டை. எவன் பொழப்புலயோ மண்ணு விழப் போகுது."

"சைனபுகிட்டச் சொல்லுவோம் மாமா."

"அவளே ஆள் விட்டிருந்தா?"

அன்று பொழுது விழுகிற நேரத்தில் ஆட்டுப் புழுக்கையையும் சாம்பலையும் சட்டியில் கரைத்தார். சோளக் குவியலின் மேல் சுற்றிலும் கோடு இழுத்தார். உச்சியில் ஒரு வட்டம். நம் பக்கத்துக் களங்களில் போடுகிற குறிதான். ஒரு பிடி அள்ளினாலும் தானியம் சரிந்து கோடு கலைந்துவிடும், திருட்டுத் தெரிந்துவிடும். போட்டு முடித்துவிட்டு, அன்று பகல் முழுக்கக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்த மனிதர் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார்.

காலையில் கெட்டது குடி! ஊரே களத்தைச் சுற்றி நிற்கிறது, ஒருவரும் கிட்டே வரவில்லை. சிலர் அது சூனியம் என்றார்கள். கடன் பட்டவர்கள், கடைக்காரன் மூட்டைக்கு முத்திரை போடுவது இப்படித்தான் என்றார்கள். இந்தியன் தானியத்தைத் தன் பேருக்குக் கட்டிக்கொண்டான் என்று பேச்சு ஓடியது. நான் எவ்வளவோ சொன்னேன். நீயும் கடையில் நின்றவன்தானே என்று ஒருவன் என் வாயை அடைத்தான்.

குவியல் நாள் கணக்கில் அப்படியே கிடந்தது. குருவி கொத்தியது. அடியில் கறையான் ஏறியது. வீடுகளில் அடுப்பு எரியவில்லை, இங்கே தானியம் மக்குகிறது. இதற்கென்றே காத்திருந்த மாதிரி தோட்டத்து லாரியும் வந்து மரத்தடியில் நின்றது. இளவட்டங்கள் இரண்டு மூன்று பேர் துணி மூட்டையோடு அதன் பக்கம் நடந்தார்கள். மாமா என் கையைப் பிடித்தார்.

"சைனபுவக் கூப்பிடு மாப்புள்ள. நான் சொல்லணும்."

அவள் வந்தாள். ஜனமும் கூடவே வந்தது.

"எதற்கு இந்தக் கோடு?" என்று கேட்டாள்.

நான் மாமா பக்கம் குனிந்து, "சாமிக்குப் போட்டதுன்னு சொல்லிருவமா?" என்றேன்.

"வேணாம். பொய் சொன்னா இந்தப் பொம்பள கண்டுபிடிச்சிரும். திருட்டுப் போனாத் தெரியணும்னு போட்டேன்னு சொல்லு."

சொன்னேன்.

"யார் திருடுவார்கள் என்று?"

மாமா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "நீங்கதான்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். கூட்டம் உறுமியது. சைனபு கையை உயர்த்தினாள். "காலடி பார்த்தாயோ?" என்றாள். ஆமாம் என்றோம். "அது எங்கள் ஆட்கள்தான். நீ ராத்திரியில் தானியத்தைக் கடத்திவிடுவாய் என்று நான்தான் காவல் போட்டேன்."

அட அல்லாவே! இவர் அவர்களுக்குப் பயந்து கோடு போட, அவர்கள் இவருக்குப் பயந்து காவல் கிடந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைனபுவுக்கு வரவில்லை.

"உங்கள் ஊரில் இந்தக் கோட்டை யார் போடுவார்கள்?"

"பண்ணையாரோட கணக்குப் பாக்குற காரியக்காரரு."

"யார் விளைவித்த தானியத்தின் மேல்?"

மாமா குவியலைப் பார்த்தார். நான் திரும்பவும் கேட்டேன். "நான் வெளைவிச்சதுல" என்றார், மெதுவாக.

"அப்போது நீ எங்கே நிற்பாய்?"

"களத்துக்கு வெளிய. தள்ளி நிக்கச் சொல்லுவாக." அவர் என் பக்கம் திரும்பினார். "நானா மாப்புள்ள போட்டேன் இதை? அந்தக் கட்டையில போறவன் எனக்குச் செஞ்சதை நானா இதுகளுக்குச் செஞ்சேன்? என் கையில புத்து வைக்க!" தலையில் தலையில் அடித்துக்கொண்டார். ஆத்திரத்தில் அவர் பேசிய பாதியை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

சைனபு நடந்து போய்க் காலாலேயே கோட்டைக் கலைத்தாள். அந்த வட்டத்தையும் கலைத்தாள். சோளம் சரசரவென்று சரிந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மூட்டையோடு போன இளவட்டங்கள் திரும்பிக் களத்துக்கு வந்தார்கள். அவன் இன்னொரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பங்கு வைக்க ஆரம்பித்தாள். நம் சுளகு மாதிரி ஒரு தட்டுக் கூடை. அதை நிறைய அள்ளிக்கொண்டு நேராக மாமாவிடம் வந்து நீட்டினாள். மாமா ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"என்னவாம் மாப்புள்ள?"

"மொதப் பங்கு மாமா. வெளைவிச்சவுகளுக்குத்தான் மொதலாம்."

"மொதப் பங்கா? எனக்கா? சரியாக் கேட்டியா?"

மறுபடி கேட்டேன். அவள் எரிச்சலோடு கூடையை இன்னும் கிட்டே நீட்டினாள்.

"துண்ட விரிங்க மாமா."

அவர் நாலு பக்கமும் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தார். காற்றுக்கு அது நிற்கவில்லை. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். சோளம் கனமாக வந்து விழுந்தது. தாடையில் ஒழுகிய கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், என் காதோரம் வந்து குசுகுசுத்தார்:

"நல்லா விசாரிச்சியா சீனி? இதுல என்னமோ சூது இருக்குடா."