கரையான் கடித்த ரீம்

போன ஞாயிற்றுக்கிழமை சிரம்பான் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு. திரும்பினால், எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மோட்டார் மெக்கானிக். முகத்தை உம்மென்று வைத்திருந்தார்.

"அண்ணே, ஒங்களுக்கே இது நல்லாருக்கா? என் மாமியார் கதைய பேப்பர்ல போட்டீங்க. ஊரே சிரிச்சிச்சு. சரி, போகட்டும். என் பேரப் போடலியே லா!"

"தெருக்கோடி நண்பர்னு போட்டேனேப்பா..."

"தெருக்கோடியில நாய்கூடத்தான் இருக்கு!"

மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மீனை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் இதில் ஒருவர் பேரும் வந்ததில்லை. 'நண்பர் ஒருவர்', 'பக்கத்து வீட்டுக்காரர்', 'என்னோடு வேலை பார்த்தவர்'... அவ்வளவுதான். ஆசிரியர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். ஒரு வாசகர் "அகம்பாவம்" என்று கடிதம் போட்டார். இன்னொரு சகோதரி, "எல்லாமே கற்பனையா சார்?" என்று கேட்டு எழுதினார். என் மனைவி பேரும் வந்ததில்லை. அது வேறு விஷயம், வந்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

அன்று மீன் குழம்பு உள்ளே இறங்கவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன். காலைக் காப்பியோடு சிரிப்பதற்காக இந்தப் பத்தியைப் பிரிக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது எனக்கு இருபத்தாறு வயது. சிரம்பானில் ஒரு பேப்பர் மொத்த வியாபாரக் கடையில் சேல்ஸ்மேன். பேப்பர் என்றால் செய்தித்தாள் இல்லை. எழுதுகிற தாள், அச்சடிக்கிற தாள். கப்பலில் வந்து, ரயிலில் ஏறி, எங்கள் கிடங்கில் இறங்கும். இந்த வட்டாரத்து அச்சுக்கூடங்களும் தோட்ட ஆபீசுகளும் எங்களிடம்தான் வாங்கும். ரந்தாவ், கோலா சாவா, லிங்கி, புக்கிட் பெலண்டோக்... மாசம் ஒரு தடவை சாம்பிள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் போகிற சுற்று இது.

தோட்டம் ரப்பரில் ஓடுகிறது என்று நினைக்கிறீர்களா? காகிதத்தில் ஓடியது, சார். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, செக்ரோல் ஏட்டைப் பார்த்துப் பேர் வாசிப்பார். பேர் இருந்தால் அன்றைக்கு வேலை உண்டு, அரிசி உண்டு. பேர் இல்லாவிட்டால் நீங்கள் உயிரும் உடம்புமாக எதிரில் நின்றாலும் இல்லாத ஆள்தான். அதனால் தோட்டத்துச் சனங்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. தாளில் பேர் ஏறிவிட்டால் வயிற்றுக்குக் கவலை இல்லை. பிள்ளை பிறந்தால் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் ஆபீசுக்குப் போவார்கள். "பேரப் போட்டுருங்க, கிராணியாரே!"

எங்கள் தொழிலிலும் ஒரு வழக்கம் இருந்தது. கட்டுக் கட்டாக வருகிற ரீம்களில் சில அடிபட்டிருக்கும். கயிறு அறுத்திருக்கும், ஈரம் ஏறியிருக்கும், கரையான் தின்றிருக்கும். அச்சுக்கூடத்துக்காரர் தொட மாட்டார், மெஷின் சிக்கிக்கொள்ளும். முதலாளி அவற்றை மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கி வைப்பார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்குச் சும்மா போகும். கொண்டுபோய்க் கொடுப்பது நான். முதலாளி வீட்டுத் தாள், வாழ்த்தெல்லாம் எனக்கு! "ஐயா வந்துட்டாரு" என்று வாத்தியார் எழுந்து நிற்பார். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தப் பலவீனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் முதலில் கிடங்குக்கு சீல் வைத்தான். பிறகு லாரி வந்தது. இரண்டு நாளில் சுவர் மட்டும் மிஞ்சியது. சுற்றி வருகிற பழுப்புத் தாளைக்கூட விடவில்லை. கடைசியில் ஒரு சிப்பாய் மாடிப்படிக்குக் கீழே குனிந்து அங்கிருந்த ஒரே ரீமை இழுத்தான். கோடு போட்ட ஃபுல்ஸ்கேப். வலது மூலையில் கரையான் கடித்திருந்தது. முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை, அதே இடத்தில், ஒரு காசு அகலத்துக்கு அரை வட்டம். அவன் முகத்தைச் சுளித்து அதை என் காலடியில் எறிந்தான்.

முதலாளி எடுத்துத் தூசி தட்டினார்.

"இத்தன வருச யாவாரம்... கரையான் தின்னது போக இதாம்ப்பா மிச்சம்."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருஷம் தோட்டங்களின் நிலைமை கேட்கவே வேண்டாம். வெள்ளைக்காரத் துரைமார்கள் எப்போதோ ஓடிவிட்டார்கள். அரிசி எப்போதாவது, கைப்பிடி அளவுக்கு. மற்ற நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. எழுதத் தாள் கிடையாது. பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். கிராணிமார்கள் பழைய லேபிளின் முதுகில் எழுதினார்கள்.

ஒரு மத்தியானம் லிங்கிப் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார். ஐந்தாறு வருஷப் பழக்கம். மலேரியாவில் பாதியாகப் போயிருந்தார்.

"தம்பி, தாளு வேணும்."

"எவ்வளவு அண்ணே?"

"இருக்கறத எல்லாம் குடு. தோட்டத்துல உள்ள அத்தன பேரயும் எழுதி, மூணு காப்பி குடுக்கணுமாம். எங்கிட்ட உள்ள தாளுல பாதிப் பேருக்கு மேல ஏறாது. மத்தவன்லாம் என் கழுத்தப் புடிக்கிறான்."

முதலாளி மெதுவாகக் கேட்டார். "எதுக்கு லிஸ்டுன்னு சொன்னானா?"

"அவன் என்னத்தச் சொல்றான்? அரிசிக்குத்தான் இருக்கும்."

"இருக்கும்ங்கிறீங்க. அரிசின்னு அவன் சொன்னானா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "பேரு எழுதறது வேற எதுக்கு மொதலாளி? நாம ஒரு ரீம கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கோம், அங்க சனங்க பட்டினி கெடக்குது!"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்த ரீமை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் வாயை அடைத்தவன் நான்.

மறுநாள் காலை கோணிப்பையின் அடியில் தாள், மேலே மரவள்ளிக்கிழங்கு. சைக்கிள் டயரில் காற்றுக் கிடையாது, ரப்பர் பட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தேன். ரந்தாவ் முச்சந்தியில் ஜப்பான் சென்ட்ரி. இறங்கி, இடுப்பு வளையக் கும்பிட்டேன். துப்பாக்கி முனைக் கத்தியால் பையைக் குத்திப் பார்த்தான். தாள் பதுக்கல் சரக்காக அகப்பட்டிருந்தால் நான் இன்று பத்தி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கத்தி முனையில் வந்த கிழங்கை எடுத்துக்கொண்டு "போ" என்று கையை ஆட்டினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய வீரன் என்று நினைப்பு!

தோட்ட ஆபீசுக்கு எதிரில் கூட்டம் காத்திருந்தது. கிராணிக்கு மறுபடி காய்ச்சல். நானே மேஜையில் உட்கார்ந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பேர், தகப்பன் பேர், தொழில். எழுதி முடிக்க முடிக்க ஒவ்வொரு முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு ஒருவர் நின்றார். 'புது ஆள்' என்று கூப்பிட்டார்கள். கோலா சாவாப் பக்கம் இருந்த தோட்டத்தில் வேலை நின்றுபோய், கர்ப்பிணிப் பெண்டாட்டியோடு நடந்தே வந்தவராம். தொழிலாளர் லயத்து வீடொன்றில் யாரோ ஒதுங்க இடம் கொடுத்திருந்தார்கள்.

கிராணி தயங்கினார். "நீ நம்ம தோட்டத்து ஆளு இல்லியேப்பா. செக்ரோல்ல இல்லாதவன எப்படி எழுதறது?"

அவர் இடத்தைவிட்டு நகரவில்லை. பின்னால் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுதுவோம் அண்ணே," என்றேன் நான். "தாளு எங்கிட்ட இருக்குல்ல!"

சொன்ன தோரணையைப் பார்க்க வேண்டுமே... ஏதோ நான் நிலம் எழுதி வைக்கிற மாதிரி! கடைசித் தாளின் கடைசி வரியில் அவர் பேரை எழுதினேன். அவர் குனிந்து பார்த்தார். படிக்கத் தெரியாதவர்.

"தெளிவா இருக்குங்களாய்யா? வாசிக்கிறப்ப விட்டுறப் போறாங்க..."

"கண்ணு தெரியாதவன்கூட வாசிப்பான், போப்பா."

கிளம்பும்போது ஓடிவந்து ஒரு பப்பாளிப் பழத்தை என் கோணிப்பையில் போட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வழியில் நிறுத்திச் சாப்பிட்டேன். பழம் இனிப்பாக இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

பதினைந்து நாள் இருக்கும். ரீமில் எழுதாமல் மிஞ்சி, நான் திருப்பிக் கொண்டுவந்த தாள்களில் கொஞ்சத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். பெரட்டுக் களத்தில் இரண்டு லாரிகள் நின்றன. சுற்றிலும் சிப்பாய்கள். நடுவில் அவர்களுடைய துபாஷி நின்று பேர் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்த தாளின் வலது மூலையில் அரை வட்டம். அந்த ஓட்டை வழியாக வெயில் தெரிந்தது.

என்னை உலுக்கியது அது மட்டுமில்லை. வரிசையில் நின்றவர்கள் கையில் எல்லாம் பை! கோணிப்பை, தலையணை உறை, முடிச்சுப் போட்ட துண்டு... பேர் வாசிக்கப் போகிறார்கள் என்று சொன்னார்களாம். அரிசி என்று ஒருவனும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன? பிறந்ததிலிருந்து பேர் வாசித்தால் சோறு என்று வளர்ந்த சனங்கள். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

திடமாக இருந்த ஆண்கள் பேரில் மட்டும் சிவப்புக் குறி போட்டிருந்தது. அந்தப் பேரை வாசித்தால் லாரியில் ஏற வேண்டும். அரிசி வேறு எங்கோ கொடுக்கிறார்கள்போல என்று பேசிக்கொண்டே ஏறினார்கள். பேர் வராதவர்கள் "எங்களுக்கு இல்லியா?" என்று சண்டை பிடித்தார்கள். ஐயோ, அந்தச் சண்டையை நான் என் காதால் கேட்டேன்.

கடைசித் தாள். கடைசி வரி.

"இருக்கேன்யா!" என்று ஒரு குரல். புது ஆள். பையை உதறிக்கொண்டு ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டீங்களாய்யா? ஒரு எழுத்துத் தப்பாம வாசிச்சாங்க!"

இருபதடி தள்ளி ரப்பர் மரங்கள். 'ஓடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்தில் சிப்பாய் நின்றான், எனக்குப் பயம். வேறு காரணம் எதுவும் கிடையாது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். நன்றிக்குப் பதில் சொல்வதுபோல.

லாரி நகர்ந்த பிறகுதான் துபாஷி சொன்னான், சயாமுக்கு என்று. களம் முழுக்க ஒரே ஓலம். அந்தப் பெண் வயிற்றோடு கொஞ்ச தூரம் ஓடி, செம்மண் ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிராணி ஆபீஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சயாம் ரயில் பற்றி இந்த நாட்டுத் தமிழருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? காட்டில் தண்டவாளம் போடக் கொண்டுபோனார்கள். நோயும் பட்டினியும் பார்த்துக்கொண்டன. கொஞ்சம் பேர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

என் தாள் இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் பாதியில் நின்றிருக்கும். மற்றவர்களை வேறு வழியில் பிடித்திருப்பான் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இவரை? இவர் எந்த ஏட்டிலும் இல்லாத ஆள். ஏற்றியவன் நான். முதலாளி, "நான் அன்னிக்கே கேட்டேனே" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சண்டை முடிந்து கப்பல்கள் வந்தன. கிடங்கு மறுபடி நிரம்பியது. ஒரு நாள் அந்தப் பெண் இடுப்பில் பிள்ளையோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா... அவரு பேரு எழுதுன தாளு இருக்குங்களா?"

"அத அவனுங்க கொண்டு போயிட்டாங்கம்மா."

"போட்டோ கெடையாது. செக்ரோல்லயும் இல்லேன்னுட்டாங்க. அப்படி ஒரு ஆளு இருந்தாருங்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க. ஒரு துண்டுத் தாளுல பேர மட்டும் எழுதிக் குடுங்க. சாமி படத்துக்கிட்ட வச்சிருந்து, புள்ளைக்குக் காட்டுறேன்."

சட்டைப் பையில் பேனா இருந்தது. மாடிப்படிக்குக் கீழே அந்த ரீமின் மிச்சம் இருந்தது. என்னைச் சுற்றித் தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று புது ரீம்கள்... எடுத்தால் மறுபடி அந்தப் பேரை எழுத வேண்டும். என் கை போகவில்லை.

"தாளு இல்லம்மா," என்றேன்.

அவள் அந்த அடுக்குகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் யார் பேரையும் எழுதுவதில்லை. மெக்கானிக் தம்பி, அகம்பாவம் இல்லையப்பா. நான் பேர் எழுதின ஒருவர் பையோடு லாரி ஏறினார், அவ்வளவுதான். உன் பேரை இனிமேலும் போட மாட்டேன். மாமியாரிடம் சொல்லிக்கொள்.

ஆனால் ஒரு பேரை மட்டும் இன்று எழுதுகிறேன். அந்த அம்மா இருக்கிறாரா, தெரியாது. இடுப்பில் இருந்த பிள்ளைக்கு இப்போது நாற்பது வயதுபோல இருக்கும். கண்ணில் பட்டால் கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும். இல்லை என்று நான் சொன்ன தாள் இதுதான்.

சடையன், தகப்பன் பேர் வீரன். பால்மரம் வெட்டு. லிங்கி.

தெளிவா இருக்குங்களா?