ஆறாம் வகுப்பில் ஒரு இடம்

இன்று மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அரசுப் பள்ளிக்குப் போனேன். விண்ணப்பத்தில் எங்கள் புது நகரின் பெயரைப் பார்த்ததுமே தலைமையாசிரியை பேனாவை மூடிவிட்டார்.

“நீங்க பாட்டுக்கு வீடு கட்டிக்கிட்டே இருக்கீங்க. எனக்கு அதே நாலு ரூமுதாம்மா.”

“மனை விக்கறப்போ, பள்ளிக்கூடம் நடக்கற தூரம்னு சொன்னாங்க டீச்சர்.”

“நடந்து வந்துடும். வந்து எங்க உக்காரும்?”

தனியார் பள்ளியிலும் விசாரித்தாயிற்று. வீட்டுக் கடன் கட்டியது போக எங்கள் கையில் மிஞ்சுவது, அவர்கள் கேட்கும் நன்கொடைக்குக் காணாது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். மிச்சத்தை மளிகைப் பொட்டலக் காகிதங்களில் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். மகளும் ஐந்தாவதோடு நின்றுவிடுவாளோ என்ற பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“உக்கார வேணாம் டீச்சர். நின்னுக்கிட்டே படிக்கட்டும்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். வராந்தாவில் ஒரு வரிசைப் பிள்ளைகள் சுவரில் நோட்டை வைத்து, நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த வரிசையும் நேத்தே நிரம்பிடுச்சும்மா.”

எனக்குப் பின்னால் மகனோடு நின்றிருந்த பெண் சொன்னாள்: “அய்ய, நிக்கறதுக்கே இடம் இல்லியா? அப்ப எம் புள்ளைய எங்கக்கா இட்டுக்கினு போறது?”



வெள்ளிக்கிழமை மாங்காட்டு அம்மன் சன்னதிக்குப் போகிறேன். என் மகளுக்கு ஒரு இடம் கேட்டால், அது அந்தப் பையனுக்குக் கிடைக்க வேண்டிய இடமாக இருக்கும். நான் என்னவென்றுதான் வேண்டிக்கொள்வது? உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள்.