நான் தட்டிவிட்ட கை

எங்கள் வீட்டில் என் வாய் பேர்போனது. "வாய் மட்டும் இல்லன்னா ஒன்ன நாய் தூக்கிட்டுப் போயிரும்டி" என்று அம்மா வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவார். முன்பு இருந்த ரப்பர் தோட்டத்துக் குழாயடியில் தொடங்கிய வாய், நாங்கள் மலாக்காவில் புக்கிட் ரம்பாய்க்குக் குடிவந்து அம்மா பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஓயவில்லை. தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு வருடத்துக்கொரு முறை போவோம். அங்கே அம்மா கண்ணை மூடி நெடுநேரம் எதையோ வேண்டிக்கொள்வார். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டார்.

அப்படிப்பட்ட நான், வாயைத் திறந்தே ஆகவேண்டிய ஓர் இடத்தில் பூனைக்குட்டியாக உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. துணை விமானியாகச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்றைய கேப்டனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வீடு மலாக்காவில், பாச்சாங்கில். நானும் மலாக்காதான் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கேப்டன்லாம் வேணாம்லா, அண்ணேன்னே கூப்புடு" என்றார். வழியெல்லாம் பாச்சாங் பசாரில் எந்தக் கடை அப்பம் நன்றாக இருக்கும் என்றுதான் பேச்சு.

அந்த 'அண்ணே'தான் என் வாயைக் கட்டிப்போட்டது. அதட்டுகிற கேப்டனாக இருந்திருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். அண்ணனாகிவிட்ட மனிதரிடம் போய் தப்புச் செய்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வது?

பிற்பகல் மழை அப்போதுதான் விட்டிருந்தது. விமானம் ஆட்டோபைலட்டின் பிடியில், எங்கள் கை படாமல், ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லை. இறங்காமல் மேலே ஏறிவிடுங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. இது எப்போதாவது நடப்பதுதான். அண்ணன் அதற்கான பொத்தானை அழுத்தினார். என்ஜின்கள் உறுமின, மூக்கு மேலே தூக்கியது. உடனே கோபுரத்திலிருந்து அடுத்த உத்தரவு: இரண்டாயிரம் அடியோடு நில்லுங்கள், அதற்கு மேலே வேறு விமானம் வருகிறது.

மூக்கைத் தாழ்த்துவதற்காக அண்ணன் விமானத்தை ஓட்டுகிற கைப்பிடியை முன்னால் தள்ளினார். அவர் பல வருடம் ஓட்டிய பழைய விமானத்தில், கையால் ஓங்கித் தள்ளினாலே ஆட்டோபைலட் விலகிக்கொள்ளும். இந்தப் புது விமானத்தில் விலகாது, பொத்தானை அழுத்தி நாம்தான் விலக்க வேண்டும். வகுப்பில் அவரும் இதைப் படித்தவர்தான். ஆனால் அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்கே போகும்.

அவர் கீழே தள்ளத் தள்ள ஆட்டோபைலட் மேலே இழுத்தது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்று மல்லுக்கட்டுவது போல. என் முழங்காலுக்கு அருகில், வால் இறக்கையைச் சாய்த்து மூக்கை ஏற்றி இறக்குகிற சக்கரம், ஆட்டோபைலட் சுழற்ற, மூக்கு ஏறும் பக்கமாகத் தானாகவே சுழன்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூக்கு ஏறிக்கொண்டே போகிறது, வேகம் குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் குறைந்தால் விமானம் பறக்காது, விழும். பின்னால் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

"அண்ணே, ஆட்டோபைலட் இன்னும் ஆன்ல இருக்கு போல இருக்கே?" என்றேன்.

அடுப்பில் பால் பொங்குது போல இருக்கே என்று சொல்கிற குரலில்தான் சொன்னேன். எதிரே பச்சை எழுத்தில் பளிச்சென்று எரிகிறது, நான் 'போல இருக்கே' என்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் என்று ஆத்திரம் வருகிறது. அவர் காதில் அது விழவேயில்லை.

கைப்பிடி வெடவெடவென்று நடுங்கத் தொடங்கியது. விழப்போகிறாய் என்று விமானம் கொடுக்கிற எச்சரிக்கை அது. அப்போதுதான் என் சொந்த வாய் எனக்குத் திரும்பி வந்தது. "ஆட்டோபைலட் ஆஃப்!" என்று கத்தி, என் பக்கத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எச்சரிக்கை ஒலி அலறியது. ஆட்டோபைலட் கோளாறாகி விலகிவிட்டது என்று நினைத்து, அதை மறுபடி போட அண்ணனின் கை நீண்டது. நான் அந்தக் கையைப் படீரென்று தட்டிவிட்டேன்.

"போடாத! சக்கரத்தச் சுத்து!"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் சக்கரத்தை முன்பக்கமாகச் சுழற்றினார். நான் இரண்டு கையாலும் கைப்பிடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூக்கு மெல்லத் தாழ்ந்தது. வேகம் ஏறியது. நடுக்கம் நின்றது. சுற்றி வந்து, அவர் கையாலேயே ஓட்டி, பூப்போல இறக்கினார்.

அந்த ஒரு கணத்துக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். தட்டியது என் கைதான். ஆனால் நேற்று வந்த ஒருத்தி தன் கையில் அடித்து, வா போ என்று பேசியபோது, யாரை அடிக்கிறாய் என்று கேட்காமல் அவள் சொன்னதைச் செய்தாரே, அது எல்லாருக்கும் வராது. கேட்டிருந்தால் நேரம் போயிருக்கும். எங்களிடம் நேரம் இருக்கவில்லை.

இறங்கியதும் அலுவலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினார். என் சீட்டைக் கிழிக்கத்தான் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். எழுதி முடித்து என் பக்கம் நகர்த்தினார். "சரியா எழுதிருக்கனா, பாருலா." ஆட்டோபைலட்டை விலக்காமல் தள்ளியது தன் தவறு என்றும், துணை விமானி அதை விலக்கித் தன் கையையும் தடுத்திராவிட்டால் இந்த அறிக்கையை எழுத ஆள் இருந்திருக்காது என்றும் எழுதியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வேலை நிரந்தரமானது அந்தத் தாளால்தான்.

வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. தீபாவளிக்கு அண்ணன் தம் மனைவியோடு புக்கிட் ரம்பாய் வீட்டுக்கு வந்தார். முறுக்கும் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு விமானம் விழப்பார்த்ததெல்லாம் முதலில் காதில் ஏறவில்லை.

"பெரியவரு கையப் போட்டு அடிச்சியாடி? மொதல்ல மன்னிப்புக் கேளு!"

நான் எழுந்தேன். அதற்குள் அண்ணனின் மனைவி வந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் இந்தக் கதை அன்றுதான் தெரியும். பிடித்த கையை விடவில்லை. "அவ அடிக்கலன்னா இன்னிக்கு எம் பொண்டாட்டி தனியாத்தான் வந்திருப்பா, அக்கா" என்றார் அண்ணன்.

அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இவ வாய எப்படியாச்சும் அடக்கிக் குடுன்னு வருசா வருசம் முனியாண்டிகிட்ட வேண்டிக்கிட்டேன், தம்பி. நல்ல வேள, அவரு காதுலயே போட்டுக்கல."